இரண்டடித் தொட்டி

மகள் கேட்டது நாய்க்குட்டி. ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டாள். நாங்கள் சிவகாசியில் குடியிருந்தது மாடி வீடு. கீழே வீட்டு ஓனர் குடும்பம். மாடியில் இரண்டு போர்ஷன். அதில் ஒன்று எங்களுடையது. நாய் என்ற பேச்சை எடுத்ததுமே ஓனர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"தாயி, அது ஒண்ணு மட்டும் வேண்டாம். வேற என்னன்னாலும் வளத்துக்கோங்க."

அந்த 'வேற என்னன்னாலும்' கடைசியில் மீனாக வந்து நின்றது.

விருதுநகரில் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. விசேஷம் முடிந்து பஸ் ஏறப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் வளர்ப்பு மீன் கடை இருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். தங்க மீன், ஏஞ்சல், கப்பி எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஒரு தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். கட்டைவிரல் நீளத்தில் கறுப்பு மீன்கள். உடம்பில் தணல் பட்டது போல ஆரஞ்சுத் திட்டுகள். ஆஸ்கர் என்றார் கடைக்காரர். மற்ற மீன்கள் கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடின. இவை விரலை நோக்கி வந்தன.

"இது எம்புட்டுப் பெருசாகும்?" என்று கேட்டேன்.

"தொட்டி எம்புட்டோ அம்புட்டுத்தான்க்கா. சின்னத் தொட்டியில வச்சா சின்னதாவே இருந்துக்கிடும்."

நான் காலண்டர் அச்சடிக்கும் ஆஃப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பவள். தினசரி காலண்டரில் ஒரு நாளுக்கு ராகு காலம் அரை மணி நேரம் மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பிரஸ்ஸில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்காமல் விழுங்கிவிட்டேன். அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு மீனும் இரண்டடித் தொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் தொட்டியை என் கணவர் மடியில் வைத்துக்கொண்டார். மீன் இருந்த பாலித்தீன் பையை மகள் சிவகாசி வரும் வரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு மீன் செத்தது. கொன்றது நான். தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, கூழாங்கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று துடைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். வீட்டுப் பாத்திரம் போலத்தான் அதையும் நினைத்தேன். கண்ணாடி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. மறுநாள் காலையில் ஒன்று மேலே மிதந்தது. மற்றது ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் போனில் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மீனின் கழிவைத் தின்று தண்ணீரை விஷமாகாமல் காக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும்தான் குடியிருக்குமாம். அவற்றை நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். போதாததற்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு. மகளிடம் இதைச் சொல்லவில்லை. "பயணம் ஒத்துக்கலைபோல" என்றேன்.

மிச்சமிருந்தது வளர்ந்தது. மகள் வாரத்துக்கு ஒரு பெயர் வைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால் எதுவும் நிலைக்கவில்லை; 'அது' என்றே சொல்லிப் பழகினோம். மாலை ஆறரைக்கு நான் பிரஸ்ஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால், கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே அது கண்ணாடிக்கு வந்து உடம்பையே ஆட்டும். என் கணவர் வந்தால் ஆட்டாது. அவருக்கு அதில் நிஜமாகவே வருத்தம். "நானுந்தான தீனி போடுறேன்" என்பார். தீனியை விரலில் வைத்துக் காட்டினால் என் விரலிலிருந்து எடுத்துக்கொள்ளும். பல் இல்லாத குழந்தை கடிப்பது போல இருக்கும்.

ஆறு மாதத்தில் அது என் உள்ளங்கை அளவு வந்தது. ஒரு வருடத்தில் ஒரு சாண். தொட்டிக்குத் தக்க வளரும் என்ற பேச்சு எவ்வளவு பெரிய தப்பு என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் தொட்டியைப் பார்த்து வளர்வதில்லை. அது பாட்டுக்கு வளர்கிறது. இடம் இல்லாவிட்டால் நோயோடு வளர்கிறது, அவ்வளவுதான். இந்த மீனுக்கு ஆறடித் தொட்டி வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். எங்கள் முன்னறையே பத்தடி.

பெரிய மீன் என்றால் பெரிய அழுக்கு. வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். சிவகாசியில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதை ஊற்றினால் மீனின் செதில் மங்குகிறது. ஆகவே குடிதண்ணீர் வரும் நாளில் நாலு வாளி தனியாகப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பிறகு ஊற்றுவேன்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்தவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். என்னை விடப் பத்து வயது சின்னவள். குழாயடியில் ஒருநாள் என் நாலு வாளியைப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. எங்க வீட்டுல எம்புள்ளைக குளிக்க ஒரு வாளிதான் வச்சிருக்கேன். நீங்க மீனுக்கு நாலு வாளி ஊத்துறீக."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் செய்ததிலும் தப்பில்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு இரண்டு வாளியை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மீனுக்கு இரண்டு வாளி குறைந்தது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில்தான் அதன் நெற்றியில் முதல் குழி விழுந்தது. குண்டூசியால் குத்தியது போலச் சின்னதாக. பிறகு அதன் பக்கத்திலேயே இன்னொன்று. தண்ணீர் கெட்டால், இடம் குறைந்தால் இந்த மீனுக்கு இப்படி வருமாம். காரணம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் தினமும் அந்தக் குழிகளை எண்ணினேன்.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. காற்று மோட்டார் நின்றுவிடும். முதல் தடவை லீவு போட்டுவிட்டு, தொட்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்த என் கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "நீ போயி ரெண்டு வாய் சாப்பிடு. நான் ஊத்துறேன்" என்று சொம்பை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே பேட்டரி மோட்டார் ஒன்று வாங்கி வந்ததும் அவர்தான்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அது ஒரு அடியை நெருங்கியிருந்தது. தொட்டியின் அகலம் ஒரு அடி. திரும்ப வேண்டுமானால் வாலை ஒரு பக்கக் கண்ணாடியில் வைத்து உடம்பை வளைக்க வேண்டும். வளைத்துத் திரும்பும், அந்தக் கோடிக்குப் போகும், மறுபடி வளைக்கும். நாள் முழுக்க அதுதான் வேலை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாமல் போனது. சாப்பாட்டை அடுப்படிக்கு மாற்றிக்கொண்டோம்.

நாலடித் தொட்டியாவது வைக்கலாம் என்று ஓனரிடம் கேட்டேன். அவர் மாடிக்கு வந்து, முன்னறைத் தளத்தை மிதித்துப் பார்த்தார். கீழே கூட்டிப்போய் அவர் வீட்டு மேற்கூரையில் ஓடிய கீறலைக் காட்டினார்.

"நீங்களே பாருங்க தாயி. அம்புட்டுத் தண்ணிய இது தாங்குமா? எம்பேத்தி இங்கனதான் படுக்கா."

நாலடிப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று போன் செய்தேன். பெரிய மீனை யாரும் வாங்க மாட்டார்கள், வைக்கவும் இடமில்லை என்றார். கண்மாயில் விட்டுவிடலாம் என்றார் என் கணவர். அங்கே விட்டால் இருக்கும் கெண்டைக் குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்த்துவிடும். விடக் கூடாது என்று படித்திருந்தேன். அந்த வருடம் கண்மாயில் தண்ணீரும் இல்லை. பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் அக்கா, "மஞ்சப்பொடி தடவிப் பொரிச்சிரு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் முதலாளி வீட்டில் பெரிய தொட்டி இருப்பது எல்லோருக்கும் தெரியும். வாஸ்துவுக்காக வைத்த அரவானா மீன். காலண்டர் சாம்பிளைக் காட்டப் போன ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர். "அதுக்கென்னம்மா, கொண்டாங்க. ஒண்ணோட ஒண்ணு இருந்துட்டுப் போகுது" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் சரி என்றாள்.

மறுநாள், அந்தத் தொட்டியைப் பராமரிக்க மதுரையிலிருந்து வருபவர் போன் செய்தார். இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும் என்றார். "நீங்க வேணும்னா வந்து பாருங்கம்மா." போனேன். ஆறடித் தொட்டி, நீல விளக்கு. வெள்ளித் தகடு போல அந்த மீன் அடிக்கடி திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நீளத்துக்கு அந்த ஆறடியும் போதவில்லை. அதுவும் வாலைக் கண்ணாடியில் வைத்துத்தான் வளைந்தது. ஒரு கண் கீழே சரிந்திருந்தது. கேட்டேன். மேலே பார்க்க ஒன்றுமில்லாமல் கீழேயே பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிடும் என்றார் அவர். முதலாளியம்மா காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் எல்லோரும் மாடிக்குப் போய்ப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை. ஆர்டர் அவசரம் என்று சில கம்பெனிகளில் ஆள் வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியும் அலமாரிப் பாத்திரமும் ஒன்றாகக் குலுங்கின. கூடவே முன்னறையில் தொம்மென்று ஒரு அடி. ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டி மூடி கீழே கிடந்தது. அது பயத்தில் மேலே பாய்ந்து மூடியில் மோதி, பிறகு கண்ணாடியில் மோதியிருக்கிறது. இடது கண்ணிலிருந்து நூல் போல இரத்தம் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் போர்ஷன்காரி அன்று வேலைக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுக்கு ஓடிவந்தன. அவளுக்குப் போன் போகவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே புகை. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண் ஒரு பக்கம் வாசலையும் ஒரு பக்கம் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மனிதர்கள் என்ன ஆனார்களோ என்று தெரியாத நேரத்தில் ஒரு மீனின் கண்ணைப் பற்றி நினைக்கிறோமே என்று.

சாயங்காலம் அவள் நடந்தே வந்தாள். வெடித்தது அவளுடைய கம்பெனி இல்லை, பக்கத்துக் கம்பெனி. அவளுக்குத் தெரிந்த இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே என் முன்னறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொடுத்த காப்பியைக் கையில் வைத்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கும் கேட்டுருக்கும்லக்கா?"

"கேட்டுச்சு. கண்ணுல அடி."

"நானாச்சும் ஓடிட்டேன். இது எங்கிட்டு ஓடும்?"

அடுத்த தண்ணீர் நாளில் நான் கேட்காமலே ஒரு வாளி பிடித்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

கண்ணுக்கு மருந்து கேட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் வரிசையில் நின்றன. நான் வெறும் கையோடு நின்றேன். டாக்டர், என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்டார். போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை பார்த்தார்.

"படிக்கையில மீனுக்குன்னு ஒரு பாடம் இருந்துச்சும்மா. பரீட்சை எழுதினதோட சரி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது. தூத்துக்குடியில எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் மீன்வளம் படிச்சவர். கேட்டுச் சொல்றேன்."

சொன்னபடியே அன்று சாயங்காலம் போன் செய்தார். கல் உப்பு கொஞ்சம், நல்ல தண்ணீர், அமைதியான இடம். மூன்றாவது எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. புண் ஆறியது. கண் வெள்ளையாக மூடிக்கொண்டது. அதன் பிறகு மாலையில் நான் வந்தால் வலது கண் என் பக்கம் வரும்படி திரும்பிய பிறகுதான் உடம்பை ஆட்டும்.

அப்படியே இன்னும் மூன்றரை வருடம் ஓடியது. நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். எதுவும் அதற்குப் போதவில்லை. மகள் மதுரையில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். போகும்போது தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். "அம்மா, பாத்துக்கோங்க" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மீனிடம் சொன்னாளா, மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சொன்னாளா தெரியவில்லை.

தீபாவளி முடிந்த ஐப்பசி மாதக் கடைசி. பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் விடுமுறையில் இருந்தன. எங்களுக்குக் காலண்டர் சீசன் உச்சத்தில். ஒரு வியாழக்கிழமை காலையில் அது ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. டாக்டருக்குப் போன் செய்து வீடியோ அனுப்பினேன். அவர் மறுபடி தூத்துக்குடிக்காரரிடம் கேட்டுவிட்டு அழைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"இது மீளாதும்மா. இழுத்துக்கிட்டுக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில கிராம்பு எண்ணெய் வாங்குங்க. தண்ணியில கலக்கி விட்டா மொதல்ல மயக்கம் வரும். அப்புறம் அதுக்கு ஒண்ணும் தெரியாது. செய்யுறது நல்லது. ஆனா உங்களால முடியுமான்னு நீங்கதான் பாத்துக்கிடணும்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். டம்ளரில் வெந்நீர் ஊற்றி, எண்ணெயை விட்டுக் கலக்கினேன். பால் போல வெளுத்தது. வீடெல்லாம் பிரியாணிக்குத் தாளித்த வாசம். டம்ளரோடு தொட்டி முன்னால் போய் நின்றேன். அது என்னைப் பார்த்தது. ஒருக்களித்துக் கிடந்தபடியே, நல்ல கண் என் கையோடு வந்தது. கையில் தீனி இருக்கும் என்று வாயைத் திறந்தது.

டம்ளரில் இருந்ததை அடுப்படி சிங்கில் கொட்டிவிட்டேன்.

நல்லதே செய்தேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். கருணை என்று நினைத்தேன். அடுத்த நாள் அது அதே இடத்தில் அதே மாதிரி கிடந்தது. செவுள் இன்னும் வேகமாக அடித்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கலாம். முதலாளி கொடுத்திருப்பார். போடவில்லை. பிரஸ்ஸுக்குப் போய் சாயங்காலம் வரை புரூஃப் பார்த்தேன். வீட்டில் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன். சனிக்கிழமையும் போனேன். என் கணவர், "நான் ஊத்தட்டுமா?" என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தபோது செவுள் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது. வெளியே எடுத்துத் தரையில் விரித்த துணியில் போட்டேன். முழு நீளத்துக்கு நேராக, வளையாமல் கிடந்தது. அது அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கீழே தென்னை மரத்தடியில் பக்கத்துப் போர்ஷன்காரிதான் மண்வெட்டி வாங்கி வந்து குழி தோண்டினாள். ஓனர் ஒரு கை மண் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மகளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். விடுதியில் யாரோ பாட்டுப் போட்டிருந்தது கேட்டது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாம்மா?"

"இல்லடா. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் பாத்தா தூங்குற மாதிரி கெடந்துச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் மூச்சை விட்டது கேட்டது. சரிம்மா, சாப்பிட்டீகளா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பொங்கலுக்கு வந்தபோது தொட்டி இருந்த மூலையில் தையல் மிஷினைப் போட்டிருந்தேன். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. நாலு நாள் கிடந்தது. நான் நினைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.